சுண்டுக்கு வயித்துவலி

வா மோனை, வா. செருப்பைக் கழட்டாதை, முத்தம் முழுக்க நெருஞ்சி. உந்தக் கதிரையிலையும் இராதை, அதுக்கு ஒரு கால் ஆட்டம். சண்டையிலை காயப்பட்ட கதிரை எண்டு போட்டோ எடுத்துப்போடாதை. போன கிழமை கிடாய் இடிச்சது. இஞ்சாலை வந்து இந்தக் குத்தியிலை குந்து. பிளேன்ரீ வருது. பனங்கட்டி கடிப்பியோ, சீனி போடச் சொல்லவோ?

நில்லு, ரீசேட்டை ஒருக்கா வடிவாப் பாப்பம். ரெண்டு கை, நடுவிலை ஒரு புறா. புறாவுக்குக் கீழை இங்கிலீசிலை என்ன எழுதியிருக்கு? ஓகோ, 'நம்பிக்கை'. நல்லது. உனக்கு முந்தி வந்த பொடியளின்ரை ரீசேட்டிலை 'எதிர்காலம்' எண்டு இருந்தது. அதுக்கும் முந்தி வந்தவை 'விடியல்'. அந்த விடியலை உன்ரை ஆச்சி இப்ப அடுப்படியிலை சட்டி இறக்க வைச்சிருக்கிறா. நல்ல தடிப்புத் துணி, கை சுடாது.

கோவியாதை மோனை. ரொறன்ரோவிலை கொத்துரொட்டி வித்தும் குளிருக்குள்ளை நடைபவனி நடந்தும் காசு சேர்த்தனீங்களெண்டு கொப்பர் ரெலிபோனிலை சொன்னவர். எனக்குக் கண்ணிலை தண்ணி வந்தது. பேந்து நீ வானிலை வந்து இறங்கின நேரம் உன்ரை பெட்டியை விட உந்தப் பனர் நீளமாயிருந்தது. அதைப் பாத்ததும் கண்ணீர் நிண்டு போச்சு. பகிடி விட எனக்கு லைசென்ஸ் இருக்கு. முப்பது வரியம் சங்கக்கடை மனேச்சர். கொழும்பு அனுப்பின நிவாரண அரிசியெண்டாலும், டபிள்யூ.எஃப்.பி. மாவெண்டாலும், எங்கயெங்கயோ சுத்திக் கடைசியிலை பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின்ரை வாசலிலைதான் இறங்கும். இறங்கினதை அளந்து குடுத்தது இந்தக் கை. அளக்கிறவனுக்குத் தெரியிறது குடுக்கிறவனுக்கும் தெரியாது, வாங்கிறவனுக்கும் தெரியாது.

உந்த மட்டையிலை என்ன? படிவமோ? எத்தினை கேள்வி? நாப்பத்திரண்டு! 'உங்கள் உடனடித் தேவைகளை முன்னுரிமை அடிப்படையில் வரிசைப்படுத்துக.' ஐயோ ராசா. உந்தக் கேள்வியைக் கேட்டியெண்டால் சனம் முதல் உன்ரை வானுக்குள்ளை எட்டிப் பாக்கும். ஆடு நிண்டால் ஆடுதான் தேவை எண்டு சொல்லும். கோழிக்கூடு தெரிஞ்சால் கோழிக்கூடு. பொய் சொல்லுறதில்லை அது, மரியாதை. தூரத்திலையிருந்து வந்த பிள்ளை ஏமாந்து போகக்கூடாதெல்லே.

உப்பிடித்தான் மீள்குடியேற்றம் முடிஞ்ச கையோடை ஒரு தையல் மெசின் காலம் வந்தது. இந்த ஒழுங்கையிலை மட்டும் பதினாலு மெசின். ஆற்றை சட்டையை ஆர் தைக்கிறது? பதினாலு பேரும் ஆளுக்காள் பாவாடை தைச்சுக் குடுத்துப்போட்டு மெசினுக்கு மேலை பூச்சாடி வைச்சினம். மெசின் தேவைப்பட்ட நேரம் ஒண்டு இருந்தது மோனை. 2009 மாசி, பங்குனி. மாத்தளனிலை கடற்கரை மண்ணுக்குள்ளை பங்கர் வெட்டினால் கரை சரிஞ்சு விழும். மண்மூட்டை அடுக்கவேணும், சாக்கு இல்லை. பொம்பிளையள் கூறைச்சேலையைக் கிழிச்சு, ஊசியாலை கையாலை மூட்டை தைச்சினம். எங்கட பங்கருக்கு முன்னாலை உன்ரை ஆச்சியின்ரை கூறை, சரிகை வெளியிலை தெரிய, மண் நிரம்பிக் கிடந்தது. அண்டைக்கு ஒரு மெசின் தந்திருந்தால் கும்பிட்டிருப்பம். அண்டைக்கு ஒருத்தரும் படிவம் கொண்டு வரேல்லை.

பேரைப் பாரன். முந்தி நாங்கள் சனம். பேந்து அகதி எண்டாங்கள். அது மரியாதை இல்லையெண்டு இடம்பெயர்ந்தோர் ஆக்கினாங்கள். திரும்பி வளவுக்கு வந்தாப்போலை மீள்குடியேறியோர். இப்ப பயனாளி. என்ன பயன், ஆருக்குப் பயன் எண்டு மட்டும் நான் இன்னும் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. பேர் ஒவ்வொரு முறை நீளேக்கையும் படிவம் ஒரு பக்கம் கூடிச்சுது.

போர்ட் கதை சொல்லுறன், சிரிப்பாய். பின்வளவிலை எங்கட ரொயிலற் நிக்குதெல்லே, கதவு ரெண்டரை அடி. அதுக்கு முன்னாலை நட்ட போர்ட் நாலடி. காசு தந்த நாடு ஒண்டு, கட்டின நிறுவனம் ஒண்டு, மேற்பார்வை பாத்தவை ஒண்டு, மூண்டு இலச்சினை. றோட்டாலை போற வாற சனமெல்லாம் எங்கட வயித்துச் சங்கதியை வாசிச்சுக்கொண்டு போச்சுது. ஒரு மாரிக்குப் பிறகு தகரத்தைக் கழட்டிக் கோழிக்கூட்டுக்குக் கூரை போட்டன். அந்தத் திட்டத்திலை இண்டைக்கும் ஒழுகாமல் நிக்கிறது அந்தத் தகரம்தான்.

தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது எண்டுவினம். நான் பாப்பன். நோய் மாடெண்டால் என்ரை தொழுவத்திலை நிண்ட மாட்டையுமெல்லே கொண்டுபோகும். சுனாமிக்குப் பிறகு, 2005 தையிலை, உடுப்பு மூட்டை மூட்டையா வந்து இறங்கிச்சுது. பிரிச்சால் உள்ளுக்கை குளிர்க் கோட். முழங்காலுக்குக் கீழை நீளம், கழுத்திலை நாய் மயிர் மாதிரி ஒரு வளையம். முல்லைத்தீவு வெயிலுக்கு! கடல் கொண்டுபோய் மிச்சமா நிண்ட சனத்துக்கு மாத்திக் கட்ட ஒரு சாறம், ஒரு உள்பாவாடை இல்லை, கோட் இருக்கு. நான் அதை வயலுக்கை வெருளிக்குப் போட்டன். மயில் வரேல்லை. பண்டி வரேல்லை. ஒருநாள் யானை வந்து கொஞ்ச நேரம் நிண்டு பாத்திட்டுத் திரும்பிப் போச்சு. குடுத்தவனுக்கு ஒரு நன்றிக் கடிதம் போட விலாசம் தேடினன், கிடைக்கேல்லை.

சிரிக்கிறாய். சிரி. இனிச் சொல்லப்போறதுக்குச் சிரியாதை.

ரீசேட்டைப் பற்றி நக்கல் அடிச்சனெல்லே. ஒரு ரீசேட்டைப் பற்றி நான் வாய் திறக்கிறேல்லை. 2006 ஓகஸ்ட் 4, மூதூர். பட்டினிக்கெதிரா வேலை செய்யிற பிரெஞ்சு நிறுவனம் ஒண்டின்ரை ஒபிசிலை 17 பிள்ளையள். 16 பேர் தமிழர், ஒருத்தர் முஸ்லிம். எல்லாம் எங்கட நாட்டுப் பிள்ளையள். வெளியிலை சண்டை. ரீசேட்டைக் கண்டால் ஆரெண்டு தெரியும், ஒண்டும் செய்யமாட்டாங்கள் எண்டு போட்டுக்கொண்டு உள்ளுக்கையே இருந்தவை. பேந்து போய்ப் பாத்த ஆக்கள் கண்டது, அதே ரீசேட்டோடை முகங்குப்புறக் கிடந்த பிள்ளையளை. இண்டைவரைக்கும் அதுக்கு ஒருத்தனுக்கும் தண்டனை இல்லை. 2009 இலை ஐ.சி.ஆர்.சி.யிலை வேலை செய்த மூண்டு பேரும் ஷெல்லிலை போனவை, அவையும் உள்ளூர்தான். வெளிநாட்டு உதவி, வெளிநாட்டு உதவி எண்டு பெரிசாக் கதைப்பம். மூட்டை தூக்கினது ஆர், வாகனம் ஓட்டினது ஆர் எண்டு கேட்டுப் பார், எங்கயாவது ஒரு ஒழுங்கையிலை ஒரு தாய் படத்துக்கு விளக்கு வைச்சுக்கொண்டு இருப்பா. உன்ரை புறாவை ஆச்சி தோய்ச்சுத் தருவா. மடிச்சுப் பெட்டிக்குள்ளை வை.

தேத்தண்ணி ஆறுது, குடி.

வெளியாலை இருந்து வாறவை நல்லவை மோனை. ஆனால் அவைக்குப் போறதுக்கு ஒரு றோட்டு இருக்கும். 2008 செப்ரெம்பரிலை அரசாங்கம் உதவி நிறுவனங்களை வன்னியை விட்டு வெளிக்கிடச் சொன்னது. கிளிநொச்சியிலை ஐ.நா. ஒபிஸ் வாசலிலை சனம் போய் நிண்டு மறிச்சது. நானும் நிண்டனான், சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு. போகாதேங்கோ, நீங்கள் நிண்டால் எங்களுக்கு ஒரு சாட்சி எண்டு பொம்பிளையள் அழுதினம். உள்ளுக்கை நிண்ட வெள்ளைக்காரப் பொடியளிலை ரெண்டு பேர் தாங்களும் அழுததை நான் கண்டனான். வாகனம் எல்லாம் வரிசையா ஓமந்தைப் பக்கம் போச்சு. 2012 இலை ஐ.நா. தன்னைத் தானே விசாரிச்சு, வன்னிச் சனத்தின்ரை விசயத்திலை தாங்கள் தவறிப்போனம் எண்டு ஒரு அறிக்கை விட்டது. பிழையை ஒத்துக்கொண்டது பெரிய விசயம். நானும் என்ரை பிழை ஒண்டை ஒத்துக்கொள்ள அதைவிடக் கனகாலம் எடுத்தனான். அது பேந்து.

அரிசிக் கணக்கு முதல். 2009 தொடக்கத்திலை, உள்ளுக்கை இருக்கிறது 70,000 சனம்தான் எண்டு கொழும்பு சொல்லிச்சுது. எங்களோடை நிண்ட கச்சேரி உத்தியோகத்தர் 3 இலட்சத்துக்கு மேலை எண்டு எழுதி அனுப்பிச்சினம். கடைசியிலை முகாமுக்குள்ளை போய்ச் சேர்ந்ததே 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேலை. வழியிலை செத்ததுகள் அந்தக் கணக்கிலை இல்லை. நான் கடைக்காரன் மோனை. எழுபதினாயிரம் வயித்துக்கெண்டு கட்டின அரிசியை நாலு மடங்கு சனத்துக்குப் பிரிச்சால் சோறு வராது. கஞ்சிதான் வரும்.

அப்பிடித்தான் கஞ்சி வந்தது. அண்டைக்குச் செத்ததுகளின்ரை நினைவுக்கு நாளைக்குக் கோயிலடியிலை காய்ச்சப்போறம், நீ குடிச்சிட்டு உப்புக் காணாது எண்டு சொல்லுவாய். அண்டைக்கு உப்பும் இல்லை. தமிழர் புனர்வாழ்வுக் கழகப் பொடியளும் ஊர்ப் பொம்பிளையளுமாக் கிடங்கு கிண்டி அடுப்பு மூட்டுவினம். நெருப்பு வெளியாலை தெரியப்படாது, புகையைக் கண்டால் ஷெல் வரும். கிடாரம் நிறையத் தண்ணி, அதுக்குள்ளை எண்ணலாம் போலை அரிசி. ஆரும் அரைத் தேங்காய் கொண்டந்தால் அண்டைக்குப் பால்கஞ்சி, திருவிழா. கோப்பை இல்லாத பிள்ளையள் சிரட்டையோடை வரும். புலிகள் இயக்கம் ஒரு பக்கத்தாலை வெளியிலை போக விடேல்லை, ஆமி மற்றப் பக்கத்தாலை அடிச்சது. வரிசை மட்டும் கலையேல்லை. ஷெல் கூவினால் எல்லாரும் விழுந்து படுப்பினம். எழும்பினால் தன்ரை இடத்திலை வந்து நிப்பினம், எழும்பாதவையின்ரை இடம் கொஞ்ச நேரம் வெறுமையாக் கிடக்கும். சொன்னால் நம்பமாட்டாய், உடனை ஒருத்தரும் அதுக்குள்ளை முன்னேறி நிக்கிறேல்லை.

அகப்பை பிடிச்சது பூவரசடியாள். படலையிலை பெரிய பூவரசு நிக்கிற வீடு, அந்த மனிசி. புருசன் முந்தியே இல்லை. தன்ரை ரெண்டு பிள்ளையளும் வரிசையிலை கடைசியிலை நிக்கவேணும் எண்டு சட்டம் போட்டிருந்தவள். ஏனடி பிள்ளை, அதுகள் குழந்தையள் எண்டு கேட்டன். 'மனேச்சர் அண்ணை, அதுகள் முன்னுக்கு நிண்டால் பின்னுக்கு நிக்கிற சனம் என்ரை அகப்பையைப் பாக்கும், கிடாரத்தைப் பாக்காது' எண்டாள். எனக்குச் சுருக்கெண்டுது. ஏன் எண்டு கேள்.

இது நான் ரெலிபோனிலை ஒருத்தருக்கும் சொல்லாத கதை. 1997 அளவிலை. யாழ்ப்பாணத்திலையிருந்து ஓடி வந்த சனத்தாலை வன்னி நிரம்பிக் கிடந்த காலம். மண்ணெண்ணெய் இல்லாமல் ஜாம் போத்திலுக்கை திரி போட்டு விளக்கெரிச்ச காலம். நிவாரண அரிசியை நான் சுண்டாலை அளந்து குடுப்பன். பால்ரின்னிலை செய்த அந்தச் சுண்டு எனக்கு முந்தின மனேச்சர் விட்டிட்டுப் போனது. அடித்தட்டு உள்ளுக்கு நெளிஞ்சிருந்தது. நான் நெளிக்கேல்லை, சத்தியமா. ஆனால் நிமித்தவுமில்லை. ஒரு சுண்டுக்கு ஒரு பிடி அரிசி மிஞ்சும். ஐந்நூறு கார்ட்டுக்கு எத்தினை பிடி எண்டு நீ உன்ரை போனிலை பெருக்கிப் பார். சிந்தல் எண்டு புத்தகத்திலை எழுதுவன். உன்ரை பெரியப்பா அந்தச் சிந்தலிலை படிச்சவர்தான்.

ஒருநாள் பூவரசடியாள் அரிசியை வாங்கினாள். போகேல்லை. பையுக்குள்ளையிருந்து தன்ரை வீட்டுச் சுண்டை எடுத்தாள். சனத்துக்கு முன்னாலை, ஆறுதலா, ஒவ்வொண்டா அளந்தாள். குறைஞ்சுது. சத்தம் போடேல்லை, பேசேல்லை. என்ரை சுண்டைக் கையிலை வாங்கி, கவிட்டு, அடியைத் தடவிப் பாத்தாள். 'பாவம், மனேச்சர் அண்ணைன்ரை சுண்டுக்கும் வயித்துவலி போலை. வயிறு உள்ளுக்கை வாங்கியிருக்கு' எண்டாள். முழு வரிசையும் சிரிச்சுது. அடிச்சிருந்தால் நான் பெற்றிசம் போட்டிருப்பன். சிரிப்புக்கு எங்கை போய்ப் பெற்றிசம் போடுறது?

இதை ஏன் உனக்குச் சொல்லுறன்? வெளிநாட்டுக்காரன் மோசம், ஊர்ச்சனம் தங்கம் எண்டு ஒரு படம் எடுத்துக்கொண்டு போகப்போறாய் எண்டு பயமாயிருக்கு. உன்ரை காசை வாங்கிறதுக்கு ஊருக்குள்ளை ஆறு பேர் வெள்ளை வேட்டியோடை வருவினம். தலைவர், செயலாளர், பொருளாளர், ஆலோசகர், போசகர், இன்னொரு தலைவர். அதிலை பாதிப் பேரின்ரை சுண்டை நான் பாத்திருக்கிறன். ஆத்திலை போட்டாலும் அளந்து போடு எண்டு பெரியவை சொன்னது, அளக்கிற சுண்டையும் பாக்கச் சொல்லித்தான். மாதர் சங்கத்திலை ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கு. மாசம் ஒருக்கா, வந்த காசு, போன காசு, கடனெடுத்தவ ஆர், கட்டாதவ ஆர் எண்டு வேப்பமரத்துக்குக் கீழை சத்தமா வாசிப்பினம். வாசிக்கிறவ எழுதினவ இல்லை. அது வேறை ஆள். உன்ரை நாப்பத்திரண்டு கேள்வியைச் சுருட்டி வைச்சிட்டு அண்டைக்குப் போய்ப் பின்னுக்கு இருந்து கேள். ஒரு கேள்வியும் கேக்காமல் நாப்பத்திரண்டுக்கும் மறுமொழி வரும்.

இன்னொண்டும் கேட்டுக்கொண்டு போ, கொப்பருக்குப் பிடிக்காது. 1990 ஒக்டோபர். இயக்கம் வடக்கிலையிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேத்தினது. யாழ்ப்பாணத்திலை ஒக்டோபர் 30 ஆம் திகதி, ரெண்டு மணித்தியாலம் தவணை. எங்கட பக்கம், தண்ணீரூற்றுச் சனமும் போச்சுது. என்னோடை சங்கக்கடையிலை மூட்டை தூக்கின ஆளும் போனவன். நான் என்ன செய்தனான் தெரியுமோ? படலையைச் சாத்திப்போட்டு உள்ளுக்கை இருந்தனான். ஒரு போத்தில் தண்ணி குடுத்திருக்கலாம். புத்தளத்திலை அந்தச் சனம் போய் இறங்கினபோது, அங்கத்தைச் சனம் பள்ளிவாசலையும் தென்னந்தோட்டத்தையும் திறந்துவிட்டு, கிடாரம் வைச்சுச் சமைச்சுப் போட்டது. அதுகளும் பணக்காரச் சனமில்லை. சரியா அஞ்சு வரியம் கழிச்சு, 1995, அதே ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்துச் சனம் இலட்சக்கணக்கிலை, கொட்டுற மழைக்குள்ளை, நாவற்குழிப் பாலத்தாலை நெரிஞ்சு நெரிஞ்சு வெளிக்கிட்டுது. அப்ப யாழ்ப்பாணத்திலை நிண்ட கொப்பரும் பொடியனா அந்தப் பாலத்தாலை வந்தவர். சாவகச்சேரியிலை ஆரோ ஒருத்தர் படலையைத் திறந்து, மாட்டுக் கொட்டிலைக் கூட்டித் துப்பரவாக்கிக் குடுத்ததாலைதான் நீ இண்டைக்கு எனக்கு முன்னாலை குந்தியிருக்கிறாய். திகதியை ஆர் குறிச்சதோ எனக்குத் தெரியாது. நான் படலையை மட்டும் பிறகு சாத்தேல்லை; பாரன், இப்பவும் ஆடு நினைச்ச நேரம் உள்ளுக்கை வருது, கதிரைக் காலும் போச்சு.

முகாமிலை இருந்த காலத்தைக் கேக்கிறாய். மெனிக் பாம். செட்டிகுளத்துக் காட்டை வெட்டி, தறப்பாள் கூடாரம், முள்ளுக்கம்பி. ஒவ்வொரு வலயத்துக்கும் ஒரு பெரிய மனிசற்றை பேர்: இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர். நான் இராமநாதனுக்குள்ளை இருந்தனான். சேர் பொன். இராமநாதன் உயிரோடை இருந்த காலத்திலை எங்களைப் போலை ஆக்களைத் தன்ரை மாலுக்குள்ளை எடுத்திருப்பாரோ தெரியாது. செத்த பிறகு வடிவா எடுத்தார், வெளியிலைதான் விடேல்லை. 2012 செப்ரெம்பரிலைதான் அதைக் கடைசியா மூடினது. அங்கையும் தண்ணி வரிசையிலை வாளியைத் தட்டி ஒழுங்குபடுத்தினது நிறுவனமில்லை. பூவரசடியாள்.

நேற்றிரவு உன்ரை போனிலை சூடான் பொடியளைக் காட்டினியே, அதுக்குப் பிறகு எனக்கு நித்திரை வரேல்லை. 2023 சித்திரையிலை ரெண்டு ஜெனரல்மார் சண்டை பிடிக்க, பெரிய நிறுவனங்கள் கார்ட்டூமை விட்டு ஓட, ஒழுங்கைக்கு ஒழுங்கை இளந்தாரியள் சேர்ந்து 'அவசர உதவி அறை' எண்டு துவங்கினவையாம். கிடாரத்தைக் கண்ட உடனை எனக்கு விளங்கிச்சுது. அதே கரி, அதே நெளிவு. உள்ளுக்கை அவிஞ்சது பருப்பும் அவரைக்கொட்டையும். வெளிநாட்டிலை இருக்கிற அவையின்ரை சொந்தக்காரர் போனுக்காலை பாங்குக் கணக்குக்குக் காசு அனுப்புவினமாம். எங்கட உண்டியல் மாதிரி, என்ன, இது போனுக்குள்ளை இருக்கு. 2025 இலை அவைக்கு மாற்று நோபல் எண்டு சொல்லுற பரிசும் கிடைச்சதெண்டாய். அதே வரியம் அமெரிக்கா காசை நிப்பாட்ட நூற்றுக்கணக்கான அடுப்பு நூந்து போனதெண்டும் சொன்னாய். பரிசையும் நூந்த அடுப்பையும் ஒரே மூச்சிலை சொன்னாய் பார், அதுதான் என்ரை நித்திரையைக் கெடுத்தது. அந்த அடுப்புகளுக்குக் கிழமைக்கு எத்தினை மூட்டை வேணும் எண்டு உந்தப் போன் சொல்லுமோ? சொல்லாட்டி அது என்ன போன்.

கடன் கதையையும் கேட்டிட்டு எழும்பு. இந்தியன் வீட்டுத்திட்டம் வந்தது, ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம். நல்ல திட்டம், எங்கட வீட்டை நாங்களே நிண்டு கட்டினம். சீமெந்து விலையும் மண் விலையும்தான் திட்டத்திலை கையெழுத்துப் போடேல்லை. சுவர் எழும்பின உடனை காசு முடிஞ்சுது. அந்த நேரம் பாத்து மோட்டச்சைக்கிளிலை வந்தவங்கள் நுண்கடன்காரர். அவங்களும் அபிவிருத்தி எண்டுதான் சொன்னவங்கள், ரீசேட்டில்லை, ரை கட்டியிருந்தாங்கள். கிழமைக்குக் கிழமை வந்து வாசலிலை நிப்பாங்கள். பொம்பிளையள் ஒரு கடனைக் கட்ட மற்றக் கடனெடுத்து, 2018 இலை அரசாங்கம் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடனைத் தள்ளுபடி செய்யிற அளவுக்கு வந்துது. ஆகையாலை ஆருக்கும் 'தொழில் முயற்சி' எண்டு ஒண்டைத் துவக்கிக் குடுக்க முதல், முடிய எவ்வளவு செல்லும் எண்டு கேள். பாதி வீட்டுக்குள்ளைதான் மழை கூடப் பெய்யும்.

என்ன செய்யலாம் எண்டு முகத்தைத் தொங்கப்போடாதை. சின்ன அலுவல் கனக்கக் கிடக்கு, போட்டோவுக்கு நல்லாயிராது, அவ்வளவுதான். கால் போன பிள்ளையளுக்கு யாழ்ப்பாணத்திலை ஜெய்ப்பூர்க் கால் போட்டு விடுகினம். பிள்ளை வளரும், கால் வளராது. திருப்பித் திருப்பிப் போய் மாத்தவேணும். இஞ்சையிருந்து யாழ்ப்பாணம் போய்வர பஸ் காசு, கூடப் போற தாய்க்கு ஒருநாள் கூலி போகும், அண்டைக்கு அடுப்பு எரியாது. அந்த ஒருநாள் கூலிக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் போர்ட் நடேல்லை. கண்ணிவெடி எடுக்கிற வேலைக்குப் போற பெட்டையள் முகமாலைப் பக்கம் முழங்காலிலை இருந்து மண்ணைச் சுரண்டுதுகள், வீட்டிலை பிள்ளையைப் பாக்க ஆள் இல்லை. கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியிலை 2017 மாசி 20 துவங்கிக் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின்ரை படத்தோடை போராடிக்கொண்டிருக்கிற தாய்மார் ஒவ்வொருத்தரா மருந்தில்லாமல் கண்ணை மூடுகினம். அவையிட்டைப் போய்த் தேவை என்ன எண்டு மட்டும் கேளாதை, செருப்பாலை அடிப்பினம். அவையின்ரை தேவை ஒரு மறுமொழி. அது உன்ரை கொத்துரொட்டிக் காசிலை வாங்கேலாது. பிறசர் குளிசை வாங்கலாம்.

போதும், பொழுது பட்டிட்டுது. நாளைக்கு விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பவேணும். கிடாரம் தேய்க்க ஆள் காணாது. சிரட்டைக்கரியும் தும்பும் வாசலிலை வைச்சிருக்கிறன். பனரைக் கொண்டு வராதை. பொலிஸ் வந்தாலும் வரும். 2024 இலை சம்பூரிலை இதே கஞ்சியைக் காய்ச்சினதுக்குப் பொம்பிளையளைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். வந்து ஆர் பொறுப்பு எண்டு கேட்டால் நீ கதையாதை. பூவரசடியாள் ஒரு சிரட்டை கஞ்சியை நீட்டுவாள். குடிச்சாலும் குடிப்பாங்கள், அவங்களும் விடியப்புறம் வெறுவயித்தோடை வந்த பிள்ளையள்தானே.

ஓ, மறந்துபோனன். போகேக்கை அந்த அலுமாரிக்கு மேலை பழைய பேப்பருக்குள்ளை ஒரு சாமான் சுத்தி வைச்சிருக்கு, எடு. ஓம், அதுதான். எறியேல்லை. அரிசி அளக்க நாளைக்கு ஒரு சுண்டு கொண்டுவரச் சொன்னவள், என்ரையைத்தான் கொண்டு வரவேணுமாம், கேட்ட உடனை ஒரு சிரிப்பு. பின்வளவிலை உலக்கை சாத்தியிருக்கு. அதின்ரை நுனியை உள்ளுக்கை விட்டு, அடியை ஒருக்கா வெளியாலை தள்ளிப்போட்டு வா. மெல்ல. ஓட்டை விழுத்திப்போடாதை.